மாமாவுக்கு மெலியாய்டோசிஸ்னு சொல்லிட்டாங்க, டீபி இல்லையாம். யாருக்காவது இத பத்தி தெரியுமா?

சிரியம்_செல்வி:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா தான் எழுதுறேன் பொறுத்துக்கங்க. எங்க தாய்மாமா பர்மால, யாங்கோன் கிட்ட இருக்கற தன்லின் பக்கத்துல வயல் வச்சிருக்காரு, நெல்லு தான், மழை விட்டதும் கொஞ்சம் காய்கறி போடுவாரு. வயசு அம்பத்தஞ்சு தாண்டிடுச்சு, சர்க்கரை ரொம்ப நாளா இருக்கு, மாத்திரை போடுவாரு ஆனா கோயில் திருவிழா வந்தா பாயசத்துக்கு கணக்கே கெடையாது. இந்த மழைக்கு நடவு முடிஞ்ச கையோட காய்ச்சல்ல படுத்தாரு, சாயங்காலம் ஆனா குளிரு, இருமல், பசி இல்ல, கண்ணு முன்னாடியே ஆள் எளைச்சு போயிட்டாரு.

பக்கத்துல ஒரு கிளினிக்ல எக்ஸ்ரே பாத்துட்டு நெஞ்சுல மேல் பக்கம் ஓட்டை மாதிரி தெரியுது டீபி தான்னு சொன்னாங்க. சளில டீபி கிருமி இல்லன்னு ரிசல்ட் வந்தும் மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்க. ஒண்ணும் கேக்கல. அப்புறம் தொடைல ஒரு கட்டி வந்து பழுத்துச்சு, அத பாத்து பயந்து தான் யாங்கோனுக்கு தூக்கிட்டு வந்தோம். இங்க ஸ்கேன்ல கல்லீரல், மண்ணீரல் ரெண்டுலயும் சின்ன சின்னதா சீழ் கட்டி இருக்குன்னாங்க, ரத்தத்தையும் சீழையும் கல்ச்சருக்கு (கிருமிய வளத்து பாக்கற டெஸ்டு) அனுப்பி சில நாள் கழிச்சு தான் சயாமா (டாக்டரம்மா) வந்து இது மெலியாய்டோசிஸ், மண்ணுல இருந்து வர்ற கிருமி, ஊசி நிறைய நாள் போடணும் அப்புறம் மூணு மாசம் மாத்திரைன்னு சொன்னாங்க.

வீட்ல எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு பேசுறாங்க. அத்தை, பிள்ளைங்கள ஆஸ்பத்திரி பக்கமே விடமாட்டேங்குது, ஒட்டிக்குமோன்னு. மூத்த அத்தான் இந்தியாவுக்கு கொண்டு போலாம்ங்கறாரு. பக்கத்து வீட்டு ஆத்தா கான் (குளம்) ஓரத்துல முனி அடிச்சிருச்சுன்னு சொல்லுது. எனக்கு தெரிய வேண்டியது இது தான்: இது ஒட்டுமா, நிஜமாவே மூணு மாசம் மாத்திரை தேவையா, அதே வயல்ல தான நாங்க எல்லாரும் நடவு நட்டோம் எங்களுக்கு ஏன் வரல, இனிமே வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஆய்வுக்கூட_மணி:

தங்கச்சி, நான் டாக்டர் இல்ல, லேப்ல வேலை பாக்குறவன், தாய்லாந்துல வடகிழக்கு பக்கம் கொஞ்ச காலம் இருந்தேன், அங்க மழைக்காலம் வந்தா இந்த கிருமிய பாக்காத வாரம் இருக்காது, அதனால எனக்கு தெரிஞ்சத சொல்றேன். மருந்து விஷயத்துல உங்க சயாமா சொல்றது தான் கணக்கு.

மொதல்ல நல்ல சேதி, மாமாவுக்கு கல்ச்சர்ல கிருமி பிடிபட்டுருச்சு. இந்த நோய்ல அது தான் பாதி சண்டை. கிருமி பேரு பர்க்கோல்டேரியா சூடோமாலெய். இது மண்ணுலயும் தேங்குன தண்ணிலயும் தானா வாழுற ஜாதி, மனுசன் அதுக்கு தேவையே இல்ல. கொஞ்சம் ஆழத்துல, ஒரு அடிக்கு கீழ தான் அதிகமா இருக்கும், மழை பெஞ்சு நிலத்தடி தண்ணி மேல ஏறும்போது சேத்தோட மேல வரும். அங்க தான் நம்ம கால் இருக்கு. கால்ல வெட்டு, சேத்துப்புண், வெடிப்பு இருந்தா அது வழியா போகும், இல்லன்னா காய்ச்சாத தண்ணிய குடிச்சு போகும், பலத்த காத்து மழைல மூச்சு வழியாவும் போகும்.

உங்களுக்கு ஏன் வரலன்னு கேட்டீங்க இல்ல, அது தான் இதுல முக்கியமான இடம். உங்க உடம்புக்குள்ளயும் போயிருக்கலாம். வடகிழக்கு தாய்லாந்துல சின்ன பிள்ளைங்க ரத்தத்தையே பரிசோதிச்சு பாத்தப்போ பெரும்பாலானவங்களுக்கு இந்த கிருமிக்கு எதிரான சக்தி ஏற்கனவே இருந்துச்சு, அதாவது எப்பவோ உள்ள போய் ஒண்ணும் பண்ணாம அடங்கிருச்சு. உடம்பு தெம்பா இருந்தா வெள்ளை அணு பாத்துக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லன்னா அந்த வெள்ளை அணு மந்தமாயிடும், அப்ப தான் இது ஆட்டம் போடும். படுக்கறவங்கள்ல பாதிக்கு மேல சர்க்கரைக்காரங்க தான். அடுத்து சிறுநீரக கோளாறு, தலசீமியா (பரம்பரையா வர்ற ரத்த நோய்), நாள்பட்ட நுரையீரல் நோய், ஸ்டீராய்டு மாத்திரை நிறைய நாள் போட்டவங்க, தினம் தண்ணி அடிக்கறவங்க. எச்ஐவிக்கு பெருசா சம்பந்தம் இல்லங்கறது பல பேருக்கு ஆச்சரியமா இருக்கும்.

ஒட்டுமான்னா, மனுசன் கிட்ட இருந்து மனுசனுக்கு வந்தது உலகத்துலயே விரல் விட்டு எண்ணலாம். பிள்ளைங்கள கூட்டிட்டு போய் தாத்தாவ பாக்க விடுங்க, சீழ் கட்டு மாத்தும்போது மட்டும் கையுறை போட்டுக்கிட்டு அப்புறம் சோப்பு போட்டு கழுவுனா போதும்.

டீபின்னு நினைச்சதுக்கு அந்த கிளினிக்க ரொம்ப திட்டவும் முடியாது. நாள்பட்ட மெலியாய்டோசிஸ் நெஞ்சு மேல் பக்கம் ஓட்டை போடும், எளைக்க வைக்கும், ராத்திரி வேர்க்கும், எக்ஸ்ரே ரெண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும். ஆனா சளில டீபி கிருமி இல்ல, ஆளுக்கு சர்க்கரை இருக்கு, வயல் வேலை, மழை சீசன், டீபி மாத்திரை கேக்கல, இவ்வளவும் ஒண்ணா வந்தா கல்ச்சர் போடுங்கன்னு கேக்கறதுக்கு நமக்கே தெரிஞ்சிருக்கணும்.

---

பெகு_வயக்காட்டான்:

என்னமோ புதுசு புதுசா நோய் பேரு சொல்றீங்க. எங்க தாத்தா ராமநாதபுரத்துல இருந்து கப்பல்ல வந்து பெகுல காடு வெட்டி வயலாக்குனவரு, அவரு காலம் முழுக்க செருப்பே போட்டதில்ல, எங்கப்பா போட்டதில்ல, நானும் நடவுக்கு வெறுங்காலோட தான் எறங்குறேன். மண்ணுல விஷம்னா ஊரே செத்துருக்கணுமே. இப்ப ஊசி மருந்து விக்கறதுக்கு ஒரு பேரு வேணும் அவ்வளவு தான்.

கால்ல ரப்பர் பூட்டு (பூட்ஸ்) போடுங்கன்னு எவனாவது சொல்ல வருவான் பாருங்க, அவன ஒரு நாள் நடவு சேத்துல பூட்டோட எறக்கி விடுங்க, கால் வரும் பூட்டு வராது.

---

பழைய_ரங்கூன்காரன்:

பெகு அண்ணே, புது நோய் இல்ல இது. நீங்க நம்ப மாட்டீங்க, இந்த நோய உலகத்துல மொத மொத கண்டுபிடிச்சதே நம்ம ரங்கூன்ல தான், 1911ல. ரங்கூன் ஜெனரல் ஆஸ்பத்திரில ஆல்ஃப்ரெட் விட்மோர்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர், செத்தவங்க உடம்ப அறுத்து பாக்கற வேலைல இருந்தாரு, அவர் கூட உதவி சர்ஜன் சி.எஸ்.கிருஷ்ணசாமி. பேர பாத்தாலே நம்ம பக்கத்து ஆள்னு தோணுது இல்ல?

அப்ப ரங்கூன் தெருவுல கதியத்து கெடந்து மார்ஃபியா ஊசி போட்டு போட்டு உடம்பு கெட்டவங்க நிறைய பேரு செத்தாங்க. அறுத்து பாத்தா நுரையீரல் முழுக்க வெள்ளையா முடிச்சு முடிச்சா, கல்லீரல், மண்ணீரல்ல சீழ். குதிரைக்கு வர்ற கிளாண்டர்ஸ்னு ஒரு நோய் இருக்கு, பாக்க அப்படியே அது மாதிரி இருந்துச்சாம். ஆனா இவங்க யாரும் குதிரை பக்கம் போனவங்க இல்ல. கிருமிய வளத்து பாத்தா கிளாண்டர்ஸ் கிருமி நகராது, இது நகருது, வேகமாவும் வளருது. கினிப்பன்றிக்கு போட்டு பாத்து இது தனி கிருமின்னு உறுதி பண்ணி 1912ல ரெண்டு பேரும் சேந்து இந்தியன் மெடிக்கல் கெஸட்ல எழுதுனாங்க. 1913ல விட்மோர் தனியா இன்னும் விரிவா எழுதுனாரு. கிருஷ்ணசாமி 1917ல மார்ஃபியா ஊசிக்காரங்களுக்கு வர்ற ரத்த விஷம்னு மறுபடியும் எழுதியிருக்காரு. இன்னைக்கும் புஸ்தகத்துல விட்மோர் நோய்னு ஒரு பேரு இருக்கு, கிருஷ்ணசாமி பேரு எங்கயும் இல்ல, எனக்கு அதுல ஒரு வருத்தம் உண்டு.

மெலியாய்டோசிஸ்ங்கற பேர பின்னாடி கோலாலம்பூர்ல இருந்த ஸ்டான்டன், ஃப்ளெட்சர்னு ரெண்டு டாக்டர்ங்க வச்சாங்க.

இங்க என்ன ஆச்சுன்னா, சண்டை வந்துச்சு, சுதந்திரம் வந்துச்சு, அப்புறம் பல வருஷம் பர்மால இந்த நோய பத்தி பேச்சே இல்ல. நோய் போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, பாக்கறதுக்கு லேப் இல்லன்னு அர்த்தம். தாய்லாந்தும் ஆஸ்திரேலியாவும் தான் இத படிச்சு பெரிய ஆளானாங்க. சில வருஷத்துக்கு முன்னாடி நாடு முழுக்க மண் எடுத்து பரிசோதிச்சப்போ பல மாநிலத்து மண்ணுல கிருமி கெடச்சுது. 2016ல உலக அளவுல ஒரு கணக்கு போட்டாங்க, வருஷத்துக்கு சுமார் 1,65,000 பேருக்கு வருது, 89,000 பேரு சாகறாங்கன்னு. அதுல நம்ம ஊர்ல காய்ச்சல்ல போயிட்டாருன்னு சொல்லி அடக்கம் பண்ணவங்க எத்தனை பேரோ.

உங்க தாத்தா கால விஷயம் என்னன்னா, அப்பவும் செத்தாங்கண்ணே, அதுக்கு பேரு இல்லாம செத்தாங்க.

---

மூலிகை_முத்து:

செல்விம்மா கவலைப்படாதீங்க. ரத்தம் கெட்டு போனா தான் உடம்பெல்லாம் கட்டி வரும். வேப்பிலை, கீழாநெல்லி, மஞ்சள் அரைச்சு வெறும் வயித்துல ஒரு மண்டலம் குடுங்க. இங்கிலீஷ் மருந்து காய்ச்சல் நின்ன உடனே நிறுத்திடுங்க, மூணு மாசம் எல்லாம் போட்டா கிட்னி போயிடும், எங்க சொந்தத்துல பாத்திருக்கேன்.

---

மோல்மேன்_நர்ஸக்கா:

முத்து அண்ணே, கோவிச்சுக்காதீங்க, வேப்பிலைய தப்பு சொல்லல, ஆனா காய்ச்சல் நின்னதும் நிறுத்திடுங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத படிச்சிட்டு எவராவது அப்படியே பண்ணா உயிரு போகும். இந்த நோய்ல மறுபடி படுக்கறவங்க யாருன்னு பாத்தா மாத்திரைய பாதில விட்டவங்க தான் முன்னாடி நிப்பாங்க. கிருமி செல்லுக்குள்ளயே ஒளிஞ்சு கெடக்கும், வருஷக்கணக்குல. இரண்டாம் உலகப்போர்ல தென்கிழக்கு ஆசியாவுல கைதியா இருந்த ஒரு அமெரிக்க சிப்பாய்க்கு 62 வருஷம் கழிச்சு இந்த நோய் வந்ததா மருத்துவ பத்திரிகைல வந்திருக்கு. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு மண்டலம்னா என்ன ரெண்டு மண்டலம்னா என்ன.

செல்வி, இது உனக்கு. நான் வார்டுல வேலை பாத்தவ, இப்ப ரிட்டயர். இந்த நோய்க்கு வைத்தியம் ரெண்டு கட்டம். மொதல் கட்டம் ஊசி, செஃப்டாசிடிம் இல்லன்னா மெரோபெனம். கொறஞ்சது பத்து பதினாலு நாள், மாமாவுக்கு மாதிரி உள்ளுக்குள்ள சீழ் கட்டி இருந்தா நாலு வாரம் வரைக்கும் போகும். நிறைய வீட்டுக்காரங்க நாலாவது நாளே காய்ச்சல் எறங்கல, மருந்து சரியில்ல, வேற ஆஸ்பத்திரிக்கு போறோம்னு கெளம்புவாங்க. இந்த நோய்ல காய்ச்சல் எறங்கவே ஒரு வாரத்துக்கு மேல ஆகும், சீழ் இருந்தா இன்னும் இழுக்கும். பொறுமையா இருக்கணும். செஃப்டாசிடிம் வர்றதுக்கு முன்னாடி நிலைமை எப்படின்னா, 1989ல தாய்லாந்து உபோன்ல இருந்து வந்த ஆராய்ச்சில பழைய மருந்து குடுத்தவங்கள்ல 74 சதவீதம் இறந்தாங்க, செஃப்டாசிடிம் குடுத்தவங்கள்ல 37 சதவீதம். பாதியா கொறஞ்சுது. அதனால அந்த ஊசிய ஒரு வேளை கூட தவற விடாதீங்க, கரண்டு இல்ல, நர்ஸ் வரலன்னு தள்ளி போச்சுன்னா போய் கேளுங்க, சத்தம் போட்டாலும் பரவாயில்ல.

ரெண்டாவது கட்டம் மாத்திரை, கோ-ட்ரைமாக்சசோல், நம்ம ஊர்ல செப்ட்ரின்னு சொன்னா தான் எல்லாருக்கும் தெரியும். குறைஞ்சது மூணு மாசம். எலும்புலயோ மூளைலயோ போயிருந்தா ஆறு மாசம். சாதாரணமா வயித்துக்கடுப்புக்கு காலைல ரெண்டு ராத்திரி ரெண்டுன்னு குடுக்கற மாத்திரை தான், இதுக்கு எடைய பாத்து மூணு மூணு, அறுபது கிலோவுக்கு மேலன்னா நாலு நாலு கூட எழுதுவாங்க. கடைக்காரர் பாத்துட்டு "இவ்வளவா? தப்பா எழுதியிருக்காங்க"ன்னு கொறைச்சு குடுப்பாரு, விடாதீங்க.

இப்ப நான் சொல்றத மட்டும் எழுதி வச்சுக்கிட்டு சயாமா கிட்ட கேளு. மாமா சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு இல்லன்னா கிளிபிசைடு மாதிரி மாத்திரை போடறாரா? செப்ட்ரின் கூட சேந்தா சர்க்கரை திடீர்னு ரொம்ப எறங்கிடும், வேர்த்து மயங்கி விழுவாங்க, கிருமி தான் தலைக்கு ஏறிடுச்சுன்னு வீட்ல அழுதுட்டு இருப்பாங்க. பிரஷருக்கு எனலாப்ரில், லோசார்ட்டான் போடறாரா? பொட்டாசியம் ஏறும். அதனால வாராவாரம் முடியலன்னாலும் மொத மாசத்துல அப்பப்போ ரத்தத்துல பொட்டாசியம், கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறது), ரத்த அணு எண்ணிக்கை பாக்கணும். முத்து அண்ணன் கிட்னின்னு சொன்னதுல அந்த அளவுக்கு நெஜம் இருக்கு, அதுக்கு வழி பரிசோதனை பண்றது, மருந்த நிறுத்தறது இல்ல. ஜி6பிடி (ரத்த சிவப்பணுவ காக்கற ஒரு என்சைம்) குறைபாடு நம்ம நாட்ல சகஜம், அதையும் ஒரு தடவ பாக்க சொல்லு. உடம்புல தடிப்பு, வாய்ப்புண்ணு, தோல் உரியுறது இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஓடணும், நாளைக்கு பாப்போம்னு இருக்க கூடாது.

---

சென்னை_பர்மா_மாமி:

எங்க வீட்டுக்காரர் குடும்பம் அறுபதுகள்ல ரங்கூன விட்டு வந்தவங்க. நான் ஒண்ணு சொல்லட்டுமா, இந்தியாவுக்கு கொண்டு வரலாம்னு அத்தான் சொல்றாருன்னு எழுதியிருந்தியே கண்ணு, இப்ப இருக்கற நிலைமைல ஊசி ஓடிட்டு இருக்கற ஆள விமானத்துல ஏத்தாதீங்க. இங்க வேலூர் சி.எம்.சி மாதிரி இடத்துல இந்த நோய நல்லா தெரிஞ்சு வைத்தியம் பாக்கறாங்க, தமிழ்நாட்லயும் இருக்கு இந்த நோய், மழை முடிஞ்சா வருது. ஆனா மருந்து இங்கயும் அதே தான் அங்கயும் அதே தான். கல்ச்சர் ரிப்போர்ட்டும் ஸ்கேனும் போட்டோ எடுத்து வச்சுக்கோ, பின்னால தேவைப்பட்டா யார்கிட்டயாவது காட்டலாம்.

இன்னொரு சங்கதி. 2021ல அமெரிக்கால நாலு பேருக்கு இந்த நோய் வந்துச்சு, நாலு பேரும் வேற வேற மாநிலம், யாரும் வெளிநாடு போனதில்ல, ரெண்டு பேர் இறந்துட்டாங்க. தேடி தேடி கடைசில வீட்ல வாசனைக்கு அடிக்கற ஸ்ப்ரே பாட்டில்ல கிருமி இருந்துச்சு. அந்த ஸ்ப்ரே செஞ்ச ஊரு எதுன்னா நம்ம இந்தியா தான். வயல்ல இருந்து தான் வரணும்னு இல்ல பாத்துக்கோங்க.

---

பெகு_வயக்காட்டான்:

ரங்கூன்காரரே, நீங்க சொன்னத படிச்சேன். எங்க சின்னையா ஒருத்தரு, நல்ல தெம்பான ஆளு, சர்க்கரை வந்த பிறகு ஒரு மழைல காய்ச்சல்னு படுத்து ஒரு வாரத்துல போயிட்டாரு, ஆஸ்பத்திரில நிமோனியான்னு எழுதுனாங்க. இதுவா இருக்குமோ என்னமோ, இனி யார கேக்க.

சரி, சண்டைக்கு கேக்கல, நெஜமாவே கேக்கறேன். நடவ நிறுத்தவா முடியும்? பூட்டு ஆகாதுன்னு சொன்னேன் அதுல மாத்தமில்ல. அப்ப என்ன தான் பண்றது? தண்ணிக்கு குளோரின் போட்டா வயல் தண்ணில சாகுமா?

---

ஆய்வுக்கூட_மணி:

அண்ணே, பூட்டு விஷயத்துல நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. உபோன்ல விவசாயிங்க கிட்ட கேட்டப்பயும் இதே தான் சொன்னாங்க, சேத்துல மாட்டிக்குது, சூடு தாங்கல, வேகமா நட முடியலன்னு. அதனால எல்லாருக்கும் பூட்டுன்னு பேசறதுல பிரயோஜனம் இல்லங்கறது என் அபிப்பிராயம். யாருக்கு ஆபத்து அதிகமோ அவங்கள பிரிச்சு வைக்கறது தான் நடக்கற காரியம். வீட்ல சர்க்கரை, கிட்னி கோளாறு, தலசீமியா இருக்கறவங்க நடவுக்கும் களை எடுக்கவும் எறங்க வேணாம், அவங்க வரப்பு மேல வேல, நாத்து கட்டு தூக்கறது, கணக்கு பாக்கறதுன்னு இருக்கட்டும், வாய்க்கா வெட்டறது மாதிரி வேலைக்கு போனா பூட்டும் கையுறையும் போட்டுக்கலாம், அங்க சேறு அவ்வளவு இழுக்காது. மத்தவங்க கால்ல புண்ணு இருந்தா ஆறுற வரைக்கும் எறங்காதீங்க. வீட்டுக்கு வந்த உடனே வாய்க்கா தண்ணில கால கழுவிட்டு படுக்காதீங்க, சோப்பு போட்டு நல்ல தண்ணில கழுவணும்.

வயலுக்கு குளோரின் எல்லாம் ஆகாத கதை. இந்த கிருமிய வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணில, சாப்பாடே இல்லாம, 16 வருஷம் வச்சிருந்து பாத்திருக்காங்க, உயிரோட இருந்துச்சு. குடிக்கற தண்ணிய மட்டும் கொதிக்க வைங்க, அது போதும். கிணத்து தண்ணி தெளிவா இருக்கு, பாட்டன் காலத்து கிணறுன்னு அப்படியே மொண்டு குடிக்கறது தான் தப்பு. இடி மின்னலோட காத்து சுழட்டி அடிக்கும்போது சர்க்கரைக்காரங்க வெளிய நிக்காம உள்ள வந்துடணும்.

லேப் பசங்க யாராவது இத படிக்கறீங்கன்னா உங்களுக்கு ரெண்டு வரி. கல்ச்சர்ல சூடோமோனாஸ் மாதிரி எதோ வந்துச்சு, கலப்படம்னு தூக்கி போடறதுக்கு முன்னாடி மருந்து தட்ட பாருங்க: ஜென்டாமைசினுக்கு அசையல, கொலிஸ்டினுக்கு அசையல, ஆனா கோ-அமாக்ஸிகிளாவுக்கு சாகுதுன்னா நூத்துக்கு தொண்ணூறு இது தான்னு நெனச்சுக்கோங்க. சாயம் ஏத்தி பாத்தா ரெண்டு முனையும் கருத்து நடுவுல வெளுத்து ஊக்கு மாதிரி தெரியும். நாலஞ்சு நாள் விட்டா காலனி காஞ்சு சுருங்கி மடிப்பு மடிப்பா ஆகும். மோந்து பாக்காதீங்க, பழைய ஆளுங்க மோந்து பாத்து கண்டுபிடிப்போம்னு பெருமை பேசுவாங்க, மூச்சுல போச்சுன்னா அப்புறம் 21 நாள் செப்ட்ரின் முழுங்கணும். பாதுகாப்பு பெட்டிக்குள்ள வச்சு தான் தொறக்கணும்.

இன்னொண்ணு, கல்ச்சர்ல ஒண்ணும் வரலன்னா நோய் இல்லன்னு ஆகாது. ஒரு தடவ எடுத்தா பத்துல நாலு கேஸு தப்பிச்சுடும். ரத்தம், சிறுநீர், சளி, தொண்டை, சீழ் இருந்தா சீழ், எல்லாத்துலயும் எடுத்து திருப்பி திருப்பி போடணும். விரல்ல குத்தி ரத்தம் எடுத்து எதிர்ப்பு சக்தி பாக்கற டெஸ்டுக்கு காசு செலவு பண்ணாதீங்க, நம்ம ஊர்ல நல்லா இருக்கறவனுக்கும் அது பாசிட்டிவா தான் காட்டும்.

---

மூலிகை_முத்து:

நிறுத்த சொன்னது வாபஸ். கஷாயம் கூட சேத்து குடுக்கலாமான்னு மட்டும் சொல்லுங்க.

---

மோல்மேன்_நர்ஸக்கா:

மூணு மாசம் முடியற வரைக்கும் வேணாம்ணே. ஏற்கனவே கல்லீரல்ல சீழ், கிட்னிக்கு பரிசோதனை ஓடிட்டு இருக்கு, அதுல எது எத ஏத்துதுன்னு தெரியாம போயிடும். ரசத்துல மஞ்சள் போட்டு குடுங்க, அது யாரும் வேணாம்னு சொல்லல.

---

சிரியம்_செல்வி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நர்ஸக்கா சொன்னத பேப்பர்ல எழுதிட்டு போய் சயாமா கிட்ட கேட்டேன். மாமா போடறது கிளிபென்கிளமைடு தான், பிரஷருக்கு எனலாப்ரிலும் போடறாரு, ரெண்டையும் பாத்துட்டு ஆஸ்பத்திரில இருக்கற வரைக்கும் இன்சுலின் தான்னு மாத்திட்டாங்க, பிரஷர் மாத்திரையும் மாத்துனாங்க. தொடை கட்டிய கீறி விட்டாச்சு. காய்ச்சல் இன்னும் சாயங்காலம் லேசா வருது ஆனா முன்ன மாதிரி உதறல் இல்ல, நேத்து மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வேணும்னு கேட்டாரு, அத்தை அழுதுடுச்சு. பிள்ளைங்களயும் கூட்டிட்டு வந்து காட்டிட்டோம்.

இன்னொரு சந்தேகம். வீட்ல ஆடு நாலு இருக்கு, அதுல ஒண்ணு கொஞ்ச நாளா மெலிஞ்சுட்டு வருது, மடில கட்டி மாதிரி இருக்கு, பால் திரிஞ்ச மாதிரி வருது. அதுக்கும் இதுவா? இல்ல நான் தான் எல்லாத்துலயும் இதையே பாக்கறேனா?

---

ஆய்வுக்கூட_மணி:

ஆட்டுக்கு வரும், செம்மறி, பன்னிக்கும் வரும். ஆட்டுக்கு மடி வீங்கி பால்ல கிருமி வர்றதும் உண்டு. மடி நோய்க்கு வேற காரணம் தான் அதிகம், ஆனா உங்க வீட்டு மண்ணு, உங்க வீட்டு தண்ணின்னு பாத்தா விட்டுற முடியாது. கால்நடை டாக்டர கூப்பிட்டு அந்த பால கல்ச்சருக்கு குடுக்க சொல்லுங்க, மாமா வீட்ல என்ன ஆச்சுன்னும் சொல்லிடுங்க. அது வரைக்கும் அந்த ஆட்டு பால் யாருக்கும் வேணாம், மத்த ஆட்டு பால நல்லா பொங்க விட்டு குடிங்க. கட்டிய வீட்லயே பிளேடு வச்சு கீறாதீங்க, செத்து போச்சுன்னா வெறுங்கையோட அறுக்காதீங்க, கறிக்கும் விக்காதீங்க, தண்ணி எடுக்கற கான்ல இருந்து தள்ளி ஆழமா புதைங்க. மாமா வீட்டுக்கு வந்த பிறகு ஆட்டுக்கொட்டாய் கூட்டறது அவர் வேலை இல்லன்னு இப்பவே சொல்லி வச்சுடுங்க.